இரண்டு நொடிப் பொறுமை

கல்யாணப் பெண்ணின் குரலை ஹெப்சிபா ஒரு வாரத்துக்கு முன்பே மிக்ஸரில் ஏற்றி வைத்துவிட்டாள். பெண்ணுக்கு ரவிக்கைகூட இன்னும் தைத்து வரவில்லை. குரல் தயாராகிவிட்டது.

கேட்கிறவர்கள் திகைக்க வேண்டாம். கல்விளையில் இப்போது எல்லாக் கல்யாணமும் அப்படித்தான் நடக்கிறது. ஊரில் பாதிப் பேர் கடல் கடந்து போய்விட்டார்கள். விசா கிடைக்காமலும் லீவு கிடைக்காமலும், நிச்சயம் பண்ணிய கல்யாணங்கள் வருஷக்கணக்கில் தள்ளிப்போயின. கடைசியில் அரசாங்கமே இறங்கிவந்து தொலைமணச் சட்டம் என்று ஒன்று போட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. இருவரும் வாய் திறந்து சம்மதம் சொன்ன ஒலிப்பதிவு இருந்தால் போதும், அதுவே பதிவேடு. பெண் எந்த ஊரில் நிற்கிறாளோ அந்த ஊர்ச் சவுண்டு ஆபரேட்டர் 'இவை இன்னார் இன்னாருடைய குரல்கள்' என்று கட்டைவிரல் வைத்து முத்திரை போட வேண்டும். கல்விளையில் அந்தக் கட்டைவிரல் ஹெப்சிபாவுடையது.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. தம்பி ஜாஸ்பரோடு சேர்ந்து சவுண்டு சர்வீஸ் நடத்துகிறாள். கோயில் ஆராதனை, கல்யாணம், அடக்கம், அசனம் என்கிற ஊர் விருந்து எல்லாவற்றுக்கும் இவர்கள் மைக்தான். அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் சபைச் செயலாளர் அறிவானந்தம் அண்ணாச்சி. இன்றைக்குக் கல்யாணம் அவருடைய ஒரே மகள் ஜெமிமாவுக்கு. அதனால் ஒரு சிறு பிசகும் வரக்கூடாது என்று ஹெப்சிபா விடியுமுன்னே வந்து தேவாலயத்தைத் திறந்துவிட்டாள்.

வேலை நிறைய இருந்தது. பீடத்தண்டை உள்ள மைக்குகளெல்லாம் ஒரு பெட்டியில் போய்ச் சேரும். அங்கிருந்து ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் மிக்ஸருக்கு வரும். அதே மிக்ஸருக்கு மாப்பிள்ளை நிற்கும் மெல்போர்ன் மண்டபம் ஒரு பக்கமும், நகரத்தில் உட்கார்ந்து கல்யாணத்தை நடத்திவைக்கும் போதகர் கிருபாகரன் இன்னொரு பக்கமும் வந்து சேர வேண்டும். தொலைமணத்துக்கு உரிமம் பெற்ற போதகர்கள் கொஞ்சப் பேர்தான். கிருபாகரன் ஐயா ஒரு சின்ன அறையில், புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு நாளில் நாலு கல்யாணம் முடிப்பார். மூன்று இடத்துப் பெட்டிகளும் ஒரே கடிகாரத்துக்கு நடக்க வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் ஸ்பீக்கரில் சோளப்பொரி வெடிக்கிறமாதிரிச் சத்தம் வரும்.

இதெல்லாம் ஆனபிறகு, ஒவ்வொரு குரலுக்கும் மேலே நிரவியைச் செருக வேண்டும்.

நிரவி என்பது ஒரு ப்ளக்-இன். மிக்ஸருக்குள்ளே தங்கி வேலை செய்கிற ஒரு மென்பொருள், அவ்வளவுதான். இப்போது வெளிநாட்டுப் போன் லைன்களிலும் அதைப் போட்டுவிடுகிறார்கள், அங்கே ஆளுடைய பழைய பேச்சைப் படித்து வைத்துக்கொண்டு பதில் சொல்லும். தெருவில் பள்ளத்தை நிரவுகிறமாதிரி, சத்தத்தில் விழும் பள்ளத்தை நிரவிவிடும். அதைப் பற்றி ஜெமிமாவே வந்து கேட்டாள். ஒன்பது மணிக்கு மைக் சரிபார்க்க வந்திருந்தாள். தலையில் பூ மட்டும் வைத்து, பழைய சுடிதாரில் நின்றாள். முகம் வாடியிருந்தது. கல்யாண நாளில் எந்தப் பெண் முகம்தான் வாடாமல் இருக்கிறது என்று ஹெப்சிபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என் குரல எதுக்குக்கா போன வாரமே வாங்குனீங்க?" என்றாள் ஜெமிமா.

"வாங்கல, நீ கோயில்ல வேதபாடம் வாசிச்சியே, அதுலருந்து எடுத்தேன்" என்றாள் ஹெப்சிபா, கேபிளைத் தரையில் ஒட்டிக்கொண்டே. "இங்க நீ பாடுனா அது அங்க போய்ச் சேர அரை செகண்டு ஆகும். அவங்க பாடுறது திரும்பி வர அரை செகண்டு. முன்னால எல்லாம் சேந்து பாடவே முடியாது. ஒரே குளறுபடி. இப்ப இது ஒவ்வொருத்தர் குரலையும் படிச்சு வச்சிருக்கு. புத்தகத்துல அடுத்த வரி என்னன்னும் அதுக்குத் தெரியும். லைன்ல சத்தம் வரட்டும்னு காத்துக்கிட்டிருக்காது. அங்க உங்க மாமியாரும் இங்க உங்க அப்பாவும் ஒரே தாளத்துல பாடுவாங்க."

"நான் பாடலைன்னா?"

"விட்ட இடத்த அதுவே பிடிச்சுக்கிடும். ஒரு பயலுக்கும் தெரியாது."

ஜெமிமா மைக் ஸ்டாண்டின் திருகைத் திருகித் திருகிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பாட்டுல மட்டும்தானக்கா?"

சரியாக அந்த நேரத்தில்தான் பீடத்தண்டையிலிருந்து ஜாஸ்பர், கடிகார விளக்கு சிவப்பு காட்டுகிறது என்று குரல் கொடுத்தான். ஹெப்சிபா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ஆமா, ஆமா" என்று ஜெமிமாவிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த 'ஆமா' எவ்வளவு பெரிய பொய் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. பொய் சொல்ல நினைத்துச் சொன்னதுமில்லை. வேலை அவசரத்தில் நாம் எத்தனை பேருக்கு எத்தனை 'ஆமா' சொல்கிறோம்.

நிரவி பாட்டோடு நிற்பதில்லை. அதில் ஒரு திருகு உண்டு, 'பொறுமை' என்று பெயர். பேச வேண்டிய ஆள் பேசாவிட்டால் எத்தனை நொடி பொறுத்துவிட்டு, தானே பேச வேண்டும் என்பதற்கான அளவு அது. வாங்கும்போது எட்டு நொடி என்றுதான் வைத்திருந்தது. போன வருஷம் ஞானதிலகம் ஆச்சியின் அடக்கத்தில், துபாயிலிருந்து மகன் ஜெபம் சொல்ல வேண்டியிருந்தது. 'பிதாவே' என்று தொடங்கியவன் நின்றுவிட்டான். எட்டு நொடி கோயிலில் ஒரு சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று ஜனங்கள் திரும்பித் திரும்பி மிக்ஸரைப் பார்த்தார்கள். லைன் போகவில்லை, அவன் அழுதுகொண்டிருந்தான். ஆனாலும் கமிட்டியில் திட்டு விழுந்தது ஹெப்சிபாவுக்கு. அன்றைக்கே அவள் பொறுமையை இரண்டு நொடிக்குக் குறைத்தாள். கூடவே இன்னொன்றும் செய்தாள். ஆராதனைப் புத்தகத்தில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று அச்சிட்டே இருக்கிறது. அதை அப்படியே, கேள்வியும் பதிலுமாக, நிரவிக்குள் ஏற்றிவிட்டாள். அதன்பிறகு கல்விளையில் எந்த ஆராதனையிலும் ஒரு பள்ளம் விழவில்லை. எல்லோரும் மெச்சினார்கள்.

கடிகார விளக்கு பச்சைக்கு வந்தது. மெல்போர்ன் மண்டபத்தோடு சேர்ந்து ஒரு பாட்டு ஒத்திகை பார்த்தார்கள். ஸ்பீக்கரில் இருநூறு பேர் பாடும் சத்தம் பொங்கி வந்தது. ஹெப்சிபா ஹெட்போனை மாட்டி, நிரவிக்கு முந்திய பச்சைச் சத்தத்தைக் கேட்கும் பட்டனை அழுத்தினாள். பதினைந்து பேர் பாடினால் அதிகம். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒரு நாற்காலி இழுபட்டது. மற்ற குரல்களெல்லாம் முந்தைய கல்யாணங்களில் படித்து வைத்தவை.

இது அவளுக்குப் பல மாதமாகத் தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை. வயதானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, தன் பிள்ளை அங்கே பாடுகிறான் என்று உருகும்போது எப்படிச் சொல்வது?

பத்து மணிக்கு ஜெமிமாவின் புடவையில் காலர் மைக்கைக் குத்தி, பீடத்துக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். மிக்ஸரில் அந்தச் சேனலை மூட வேண்டும். மூடாத மைக்கில் வருவதைக் கேட்கக்கூடாது, கேட்டாலும் வெளியே விடக்கூடாது. சவுண்டுக்காரர்களுக்கு அதுதான் பத்தினித்தனம். ஆனால் ஹெட்போன் காதில் இருந்தது. விரல் பட்டனுக்குப் போய்ச் சேருமுன் ஜெமிமாவின் குரல் வந்துவிட்டது. தன் சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆறு தடவ பேசிருக்கேன் சித்தி. என்ன கேட்டாலும் ரெண்டே செகண்டுல பதில் வந்துருது. ஒரு மனுசன் யோசிக்கவே மாட்டானா? சுவத்தோட பேசுன மாதிரி இருக்கு."

சித்தி என்னவோ முணுமுணுத்தாள். அப்பா, ஊர், அழைப்பிதழ் என்று காதில் விழுந்தது.

"மாட்டேன்னு எனக்குச் சொல்ல வராது. அப்பா மூஞ்சியப் பாத்தா வரவே வராது. நான் பேசாம நின்னுருவேன். பதில் வரலைன்னா ஐயா நிறுத்தித்தான ஆகணும். அது போதும் எனக்கு."

ஹெப்சிபா பட்டனை அழுத்தினாள். குரல் அறுந்தது. விரல் மட்டும் பட்டனை விட்டு வரவில்லை.

நன்றாக நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் தன் கையில் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போகிறாள். அது வாய்மூடி நிற்பது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று காலங்காலமாகச் சொல்லிப் பெண்களைக் கட்டிக்கொடுத்த ஊர்தான் இது. ஆனால் தொலைமணச் சட்டத்தில் மௌனம் சம்மதமில்லை. அந்த ஒரு சந்தில் நுழைந்து தப்பிக்கலாம் என்று அவள் நம்புகிறாள். அந்த வழியையும் இரண்டு நொடியில் நிரவி மூடி வைத்திருப்பவள் ஹெப்சிபா.

ஜாஸ்பரை அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். எந்தப் பொண்ணுக்கா தாலி கட்டுற அன்னைக்கு இதைச் சொல்லல, என் வீட்டுக்காரி மண்டபத்து வாசல்ல வச்சு என்னைப் பாத்து வாந்தி எடுத்தா, இப்ப ரெண்டு பிள்ளை என்றான். அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் முகத்தை மாற்றிக்கொண்டான். திறந்த மைக்கில் கேட்டதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்றான். நிரவியை எடுத்தால் பாட்டு சேராது, ஊர் சிரிக்கும், அண்ணாச்சி முகத்தில் எப்படி முழிப்பது, நாளைக்கு யார் நம்மைக் கூப்பிடுவார்கள் என்றான். ஒவ்வொன்றும் உண்மைதான்.

போய்ப் பெண்ணிடமாவது சொல்லிவிடுவோம், 'நீ பேசாவிட்டாலும் அது பேசிவிடும், வாய் திறந்து மாட்டேன் என்று சொல்' என்று சொல்லிவிடுவோம் என்று எழுந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். கோயில் மணி அடித்தது. அறிவானந்தம் அண்ணாச்சி பட்டுவேட்டி சரசரக்க மகளைக் கையில் பிடித்து அழைத்துவந்தார். வலைச்சல்லா முகத்தை மூடியிருந்தது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். ஹெப்சிபா திரும்பிவந்து மிக்ஸரின் முன் உட்கார்ந்தாள்.

முன்னால் பெரிய திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் போதகர் கிருபாகரன், கண்ணாடியைப் புத்தகத்துக்குத் தாழ்த்தியபடி. இன்னொன்றில் மாப்பிள்ளை ஆஷர், சாம்பல் கோட்டில், ஒல்லியாக. படம் எப்போதும் சத்தத்துக்குப் பின்னால்தான் வரும். அதனால் தொலைமணங்களில் யாரும் வாயைப் பார்ப்பதில்லை, காதைத்தான் நம்புவார்கள்.

முதல் பாட்டு முடிந்தது. பிரசங்கம் முடிந்தது. போதகர் முறைப்படி மாப்பிள்ளையை முதலில் கேட்டார். இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறாயா?

"சம்மதிக்கிறேன்" என்று ஸ்பீக்கரில் வந்தது. கணீரென்ற குரல். பெஞ்சுகளில் ஒரு திருப்தி பரவியது.

பிறகு ஜெமிமாவைக் கேட்டார்.

ஹெப்சிபா அவளுடைய, நிரவி தொடாத பச்சைச் சேனலைத் திறந்து வைத்திருந்தாள். ஹெட்போனில் மூச்சு மட்டும் வந்தது. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போய். வளையல் ஒன்று இன்னொன்றின் மேல் உரசியது. ஒன்று. இரண்டு.

"சம்மதிக்கிறேன்."

ஸ்பீக்கரில் ஜெமிமாவின் குரல். வேதபாடம் வாசிக்கும்போது இருக்குமே, அதே தெளிவு. கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது. அந்த வெட்கத்தை அது எங்கிருந்து கற்றது என்று ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பீடத்தண்டை நின்ற பெண்ணின் தோள் மட்டும் குலுங்கியது. தன் பெயரைச் சொல்லி யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல மெல்லத் திரும்பினாள். சல்லாவுக்குள்ளிருந்து அத்தனை பெஞ்சுகளையும் தாண்டி, அவள் முகம் மிக்ஸரைப் பார்த்து நின்றது. கண் தெரியவில்லை. தெரியாமலிருந்ததே மேல்.

ஹெட்போனில் மட்டும் ஒரு சொல் வந்தது, உதடு அசைந்ததா என்றுகூடத் தெரியாத அளவுக்கு.

"அக்கா."

போதகர் அடுத்த பாட்டை அறிவித்தார். பாட்டு முடிந்ததும் உறுதிமொழி, அதன்பின் மாப்பிள்ளைக்குப் பதிலாகச் சித்தியின் கையால் தாலி, அதன்பின் 'ஆமென்', அதன்பின் ஹெப்சிபாவின் கட்டைவிரல். ஆறு சரணம் உள்ள பாட்டு. ஒரு சரணத்துக்கு நாற்பது நொடி.

"அத எடுத்துரட்டுமாலே ஜாஸ்பர்?"

"அக்கா, கூறுகெட்டதனமா எதுவும் பண்ணிராத."

"அவ சொல்லல. நான் கேட்டுக்கிட்டிருக்கேன், அவ சொல்லல."

"சொல்லலைன்னா பிறகு சொல்லட்டும். வீட்டுக்குப் போயி சண்ட போடட்டும். நாம சவுண்டுக்காரங்க, வக்கீல் கிடையாது."

"அடியில என் விரல வைக்கச் சொல்லுதாங்களே, அது யாரு விரல்?"

ஜாஸ்பர் அண்ணாச்சியின் முதுகைப் பார்த்தான்.

இரண்டாம் சரணம். மூன்றாம் சரணம். பாட்டில் ஜெமிமாவின் குரலும் எல்லாருடைய குரலுக்கும் மேலே அழகாக மிதந்தது. பச்சைச் சேனலில் அவள் பாடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவர்கள் மூச்சு விடுவார்களே, மூக்கால், விட்டு விட்டு, அந்தச் சத்தம் வந்தது. துபாய்க்காரன் அன்றைக்கு அழுதபோதும் இதே சத்தம்தான் வந்திருக்கும். அன்றைக்கு ஹெட்போன் மாட்டிக் கேட்டிருந்தால், பொறுமையைக் குறைத்திருப்போமா என்று நினைத்தாள். நான்காம் சரணத்தில் நிரவியின் பக்கத்தைத் திரையில் எடுத்தாள். ஐந்தாம் சரணம் முழுவதும் விரல் அந்தப் பட்டனுக்கு மேலே நின்றது. தலைமை மிக்ஸர் இதுதான். இங்கே எடுத்தால் மூன்று இடத்திலும் நின்றுவிடும்.

ஆறாம் சரணம் முடிந்தது. போதகர் உறுதிமொழியின் முதல் வரியை மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார். மாப்பிள்ளையின் குரல் வரிவரியாக, பிசிறில்லாமல் திருப்பிச் சொன்னது. பிறகு பெண்ணுக்கு.

"ஜெமிமாவாகிய நான்" என்றார் போதகர்.

ஹெப்சிபா பெண்ணின் குரலிலிருந்து நிரவியை எடுத்துவிட்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, நிறைந்த கோயிலில் ஐந்து நொடி மௌனம் என்பது மிக நீளம். மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது. வெளியே அசனத்துக்குப் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை கேட்டது, ஏன் எல்லாரும் பேசாம இருக்காங்க என்று.

"ஜெமிமாவாகிய நான்" என்றார் போதகர் மறுபடியும். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கல்விளை, சத்தம் வரல. மைக்கப் பாருங்க."

அண்ணாச்சி எழுந்து வந்தார். வேகமாக நடப்பதும் தெரியக்கூடாது, மெதுவாகவும் வரக்கூடாது என்று பாதிவழியில் புன்னகைத்தபடியே வந்தார். மிக்ஸரண்டை வந்ததும் புன்னகை போய்விட்டது.

"ஏம்மா ஹெப்சி, சத்தம் போயிட்டே."

"போகல அண்ணாச்சி. மைக் நல்லா இருக்கு."

"பிறகு என்ன? அத, அந்த என்னமோ, ரெண்டு செகண்டுல வருமே, அதப் போடு."

அவருக்குத் தெரிந்திருந்தது. கமிட்டியில் அன்றைக்குத் திட்டியவரும் அவர்தான், நிரவிக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஹெப்சிபா ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் கோபத்தோடு வாங்கி ஒரு காதில் வைத்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு அவர் இன்னொரு காதையும் மூடினார். பீடத்தண்டை நிற்கும் மகளைப் பார்த்தார். இத்தனை தூரத்தில் அவள் வெறும் வெள்ளைச் சல்லா. காதுக்குள் அவள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"முதல்லயும்… அவ சொல்லலையா?"

"இல்ல அண்ணாச்சி. நான் பண்ணி வச்ச காரியம். அவ வந்து கேட்டா, பாட்டுக்கு மட்டும்தானான்னு. நான் ஆமான்னுட்டேன்."

அதற்குள் கோயிலில் பேச்சு எழும்பிவிட்டது. அவர் குனிந்து, ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"மாப்பிள்ளை சொல்லிட்டாரேம்மா. அம்புட்டுப் பேரு முன்னால, வாய் நிறைய. அந்தப் பையனுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

ஹெப்சிபாவின் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்ததும் அதுதான். ஒருத்தியைக் காப்பாற்றப் போய், ஒன்றும் அறியாத ஒரு பையனை ஊர் நடுவே நிற்கவைத்துவிட்டோமே. திரையில் அவன் நின்றுகொண்டிருந்தான். பெண் பேசவில்லை என்று பதறின முகமாக இல்லை. தலையைச் சாய்த்து, எதற்கோ காதுகொடுக்கிறவன்போல நின்றான்.

அப்போதுதான் அவளுக்குச் சித்தியிடம் ஜெமிமா சொன்னது நினைவுக்கு வந்தது. என்ன கேட்டாலும் இரண்டே நொடியில் பதில். ஆறு தடவையும். போனிலும் பேசியது அவன் இல்லை, நிரவிதான்.

மெல்போர்னின் நிரவியையும் எடுத்தாள். பட்டன் சின்ன சத்தத்தோடு அமுங்கியது.

அண்ணாச்சியின் காதிலும், கோயில் ஸ்பீக்கர்களிலும் ஒரே நேரத்தில், இருநூறு பேர் கூடியிருந்த அந்த மண்டபம் சுருங்கிப்போனது. ஏசி உறுமியது. ஒரு பத்துப்பேர் செருமினார்கள்.

போதகருக்குக் குழப்பம். பெண் பக்கம் பழுது பார்க்கிறார்கள்போல என்று நினைத்து, "சரி ஆஷர், நீங்க முதல் வரிய இன்னொரு தடவ சொல்லுங்க, அதுக்குள்ள சரியாயிரும்" என்றார்.

ஆஷர் சொல்லவில்லை. இரண்டு நொடி போனது. யாரும் அவனுக்குப் பதிலாகப் பேசவில்லை. இன்னும் இரண்டு நொடி போனது. ஜாஸ்பரின் கை பழக்கத்தில் மிக்ஸரை நோக்கி வந்தது. ஹெப்சிபா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கணீர்க் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. வந்த குரல் கரகரப்பாக, தயங்கித் தயங்கி, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"அங்க… யாருக்காவது நான் பேசுறது கேக்குதா?"

கோயில் அசையவில்லை. "எத்தனையோ தடவ பேசாம இருந்து பாத்தேன்" என்றது குரல். "நான் பேசாம இருந்தேன்னு ஒருத்தரும் கண்டுக்கல."

அறிவானந்தம் அண்ணாச்சி ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடியே, மறு கையைத் தூக்கிக் கோயிலை அடக்கினார். அந்தக் கை கீழே இறங்கவில்லை.

பீடத்தண்டை ஜெமிமா தன் சல்லாவை இரண்டு கையாலும் பின்னுக்குத் தள்ளினாள். மூக்குச் சிவந்து, மை கலைந்து, மணப்பெண்ணுக்குரிய லட்சணம் ஒன்றுமில்லாத முகம். திரையில் இருந்தவனை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எனக்குக் கேக்குது" என்றாள். "நானும் சொல்லல. அது நான் இல்ல."

குரல் கேபிளில் இறங்கி, கடலுக்குள் போய், அந்தக் கரையில் ஏற வேண்டும். அதற்கு அரை நொடி. அவன் கேட்க வேண்டும். அதற்கு எவ்வளவு என்று எந்தத் திருகிலும் எழுதியிருக்கவில்லை. யோசிக்க வேண்டும். பிறகு அவன் குரலும் அதே வழியில் திரும்பி வர வேண்டும்.

ஹெப்சிபா, முத்திரை போட வேண்டிய கட்டைவிரலை மேசையிலிருந்து எடுத்து மடக்கிக்கொண்டாள். நொடிகளை எண்ணவில்லை. கோயில் மொத்தமும் அவளோடு காத்திருந்தது.